கண், காது, கை என்று வகுப்பைப் பிரிக்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 7க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 34 பிள்ளைகள். பிள்ளைகளில் பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று மூன்று வகை இருக்கிறார்கள், அந்தந்த வகைக்கு ஏற்றபடி படிப்பிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் சொன்னார்கள். நானும் வினாத்தாள் கொடுத்துப் பிரித்து, தனித்தனிக் குழுவாக உட்கார வைத்தேன். 40 நிமிடப் பாடவேளையில் ஒரே பின்னக் கணக்கை மூன்று விதமாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. தவணைப் புள்ளியும் கூடவில்லை. நான் எங்கே பிழை விடுகிறேன்?

பதில்: டீச்சர், அந்த மூன்று குழுக்களையும் நாளைக்கே கலைத்துவிடுங்கள். உங்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறைக்குத்தான் ஆதாரம் போதாது.

இந்தப் பிரிவினையைப் பரவலாக்கியவர்களில் ஒருவர், நியூசிலாந்தில் பாடசாலைப் பரிசோதகராக இருந்த நீல் பிளெமிங். பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என்று அவர் நான்காகப் பிரித்தார். இப்படி ஆளை வகை பிரிக்கும் முறைகள் 71 இருப்பதாக 2004இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வறிக்கை எண்ணிக் காட்டியது. பிறகு 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று அமெரிக்க உளவியலாளர்களும் ஒரு நேரான கேள்வியைக் கேட்டார்கள்: பிள்ளையின் வகைக்குப் பொருந்தும்படி படிப்பித்தால் அந்தப் பிள்ளை உண்மையில் கூடுதலாகக் கற்கிறதா? அதை முறையாகச் சோதித்த ஆய்வுகளே மிகக் குறைவாக இருந்தன. அவற்றிலும் சில இந்தக் கருத்துக்கு நேர் எதிரான முடிவையே தந்திருந்தன. பிள்ளைக்குப் படம் பிடிக்கலாம், கதை பிடிக்கலாம். பிடிப்பது வேறு, அதனால் நன்றாக விளங்குவது வேறு.

எனக்குப் பெரிய கவலை என்னவென்றால், இந்த முத்திரை உண்மையான காரணத்தை மறைத்துவிடும். ஆசிரிய ஆலோசகராக வகுப்புகளுக்குப் போன காலத்தில் ஒரு பிள்ளையைக் 'கேட்டுப் படிக்கிறவன்' என்று அறிமுகப்படுத்தினார்கள். கரும்பலகையைப் பார்க்கவே மாட்டான், சொன்னால் பிடித்துக்கொள்வான் என்றார்கள். அவனை முன் வாங்குக்குக் கூட்டி வந்து வாசிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தான். பின்னால் இருந்தபோது அவனுக்கு எழுத்தே தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைக்கு ஒரு வகைப் பெயரைக் கொடுத்து, மாதக்கணக்கில் அப்படியே விட்டிருந்தார்கள். 'செய்து படிக்கிறவள்' என்று சொல்லப்படும் பிள்ளை காலையில் வெறுந்தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்ததால் நிலைகொள்ளாமல் இருக்கலாம். 'பார்த்துப் படிக்கிறவள்' என்ற பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழ் விளங்காமல் படத்தை மட்டும் பார்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கலாம். உங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் தகரக்கூரைச் சத்தத்தில் பின் வாங்குக்கு உங்கள் குரல் போய்ச் சேராது, மூடுபனி இறங்கினால் பலகை மங்கிவிடும். அந்த நாட்களில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும் தரங்களில் தரம் 7உம் ஒன்று. சந்தேகமான பிள்ளைகளின் பெயர்களை இப்போதே எழுதி வைத்து, அந்த நாளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களே சொல்லுங்கள். பார்வை, செவி, வாசிப்புச் சிரமம் ஆகியவை உண்மையான வேறுபாடுகள். அவற்றுக்கு ஏற்ப நாம் மாறத்தான் வேண்டும்.

சரி, பின்னத்துக்கு வருவோம். படம், பேச்சு, செயல் மூன்றும் தேவை, மூன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை. எதை எந்த இடத்தில் எடுப்பது என்பதைப் பாடம்தான் தீர்மானிக்கிறது. கோணம் அளக்கக் கையில் பாகைமானி வேண்டும், அதை வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது.

1/2 + 1/4 என்று பலகையில் எழுதினால் உங்கள் வகுப்பில் பலர் 2/6 என்று விடை எழுதுவார்கள். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிவிடுகிறார்கள். அதே பிள்ளையிடம், "அரைக் கிலோ சீனியும் கால் கிலோ சீனியும் வாங்கினால் மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். "முக்கால் கிலோ" என்று உடனே சொல்லும். கடைக்குப் போய் வருகிற பிள்ளைக்கு விடை வாயில் இருக்கிறது, எழுத்தில்தான் வரவில்லை. அரை, கால், முக்கால் என்று தமிழ் கொடுத்திருக்கும் இந்தச் சொற்களை நாம் கணித வகுப்பில் ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்று எனக்கு எப்போதும் வருத்தம்.

அதனால் பேச்சில் தொடங்குங்கள். முக்கால் என்ற விடையை வகுப்பே சொல்லட்டும். அப்புறம் ஆளுக்கொரு பழைய கொப்பித்தாளைக் கொடுத்து இரண்டாக மடித்து, மறுபடி மடிக்கச் சொல்லுங்கள். விரித்தால் நான்கு கட்டம். அரை என்பது அதில் இரண்டு கட்டம், கால் என்பது ஒன்று. நிறந்தீட்டிய பிறகு அதற்குப் பக்கத்திலேயே 2/4 + 1/4 = 3/4 என்று எழுதட்டும். தாளும் குறியீடும் ஒரே பக்கத்தில் இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் மடித்தது ஒரு விளையாட்டாகவும் கணக்கு வேறொன்றாகவும் போய்விடும். கடைசியில் பக்கத்துப் பிள்ளைக்கு வாயால் விளக்கட்டும். இவ்வளவும் 20 நிமிடத்துக்குள் முடியும். அடுத்த நாள் 1/3 + 1/4 கொடுங்கள். அதற்குக் கடைப்பேச்சில் சொல் கிடையாது. 12 கட்டங்கள் ஏன் தேவை என்பதை அப்போதுதான் பிள்ளை தானாகத் தேடும்.

கொழுந்து நிறுப்பதையும் உதாரணமாக எடுக்கலாம். கூடையின் நிறை, ஈரத்துக்குக் கழிக்கிற கிலோ எல்லாம் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த கணக்குகள். ஆனால் "யாருடைய அம்மாவுக்கு நேற்று அரைப்பேர் விழுந்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குறித்த கிலோ பறிக்காததால் அரைநாள் சம்பளம் மட்டும் எழுதப்படுவதுதான் அரைப்பேர், அது அந்த வீட்டின் அன்றைய வேதனை. கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிச்சமுள்ள நேரத்தில்தான் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுத்த வேண்டும். ஒரு சிறு துண்டில் மூன்று கணக்குக் கொடுத்து வாங்கிப் பாருங்கள். 2/6 போன்ற விடை எழுதியவர்கள் ஒரு கட்டு. பகுதியெண்ணைச் சமமாக்க வேண்டும் என்று தெரிந்தும், தொகுதியெண்ணை மாற்ற மறந்தவர்கள் இன்னொரு கட்டு. சரியாகச் செய்தவர்கள் மூன்றாவது. முதல் கட்டோடு நீங்கள் உட்காருங்கள், மறுபடி தாள் மடியுங்கள். இரண்டாம் கட்டுக்கு, பிழையாகச் செய்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் கட்டுப் பிள்ளைகள் விடை 5/6 வரும்படி தாங்களே கணக்கு அமைக்கட்டும். அடுத்த வாரம் கட்டுகள் மாறும், மாறவேண்டும். ஒரு பிள்ளை நான்கு வாரமாக முதல் கட்டிலேயே நின்றால், பின்னத்தை விட்டுப் பெருக்கல் வாய்பாட்டைப் பாருங்கள். பெரும்பாலும் இடறல் அங்கேதான் இருக்கும்.

தவணைப் புள்ளி கூடாததற்கு இன்னொரு காரணம் மறதி. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த பரீட்சையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். ஆகவே ஒவ்வொரு பாடவேளையின் முதல் ஐந்து நிமிடமும் கொப்பி மூடியிருக்கட்டும். நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன தவணையில் ஒன்று என்று மூன்று கணக்கு. புள்ளி போட வேண்டாம், விடையைச் சேர்ந்தே திருத்துங்கள்.

திங்கட்கிழமை அந்த மூன்று கணக்குத் துண்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பிழையை எத்தனை பேர் விட்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள், டீச்சர். அதை வைத்து அடுத்த பாடத்தைச் சேர்ந்தே அமைப்போம்.