பிளாக்கிங் கியூ: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி (கல்லூரி மாணவி): ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) கோப்பைப் படித்து வரிகளைத் தருகிறது, மூன்று த்ரெட்கள் அவற்றைச் செயலாக்குகின்றன. ஜாவா நிரல்மொழியில் த்ரெட்டைக் காத்திருக்க வைக்கும் வெயிட், எழுப்பும் நோட்டிஃபை கொண்டு நானே வரிசையை எழுதலாமா ஐயா?

பயிற்சிக்கு எழுதிப் பாருங்கள் அம்மா, வேலைக்கு வேண்டாம். வெயிட்டை வைல் சுழற்சிக்குள் வைக்காமல் இஃப் போட்டால், காரணமின்றி விழிக்கும் த்ரெட் காலி வரிசையில் கைவைக்கும். 2004இல் வந்த ஜாவா 5 முதலே, த்ரெட்கள் பொருள்களைக் கைமாற்றிக்கொள்ளும் ஆயத்த வரிசையான பிளாக்கிங் கியூ இருக்கிறது. டக் லீ தலைமையிலான குழுவின் உழைப்பு அது. பொருளைப் போடும் புட் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும், எடுக்கும் டேக் பொருள் வரும்வரை காத்திருக்கும்.

கேள்வி: அரே பிளாக்கிங் கியூ, லிங்க்ட் பிளாக்கிங் கியூ என்ற இரு வகைகளில் எது வேகம்?

வேகத்துக்கு முன் கொள்ளளவைக் கேளுங்கள். லிங்க்ட் வகைக்கு அளவு சொல்லாமல் விட்டால் அதன் வரம்பு 214,74,83,647. இதை வரம்பு என்றே நான் ஏற்பதில்லை. எடுக்கும் த்ரெட்கள் பின்தங்கினால் நினைவகம் நிரம்பி நிரல் சாகும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் த்ரெட்களை வைத்து வேலை வாங்கும் நியூ ஃபிக்ஸ்ட் த்ரெட் பூல் உள்ளே வைத்திருப்பதும் இதே வரிசைதான், பலர் கவனிப்பதில்லை. ஆயிரம் என்று வரம்பு வைத்தால், நிரம்பியதும் புட் நிற்கும், கோப்பைப் படிக்கும் த்ரெட் தானாக நிதானமாகும்.

வேகம் என்றால், அரே வகையில் போடும் முனை, எடுக்கும் முனை இரண்டுக்கும் ஒரே பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடுவது). லிங்க்டில் போட ஒன்று, எடுக்க ஒன்று. ஆனால் லிங்க்டில் ஒவ்வொரு பொருளுக்கும் அதைத் தாங்கும் புதிய கணு உருவாகிறது. உங்கள் சுமையில் அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: புட் நின்றால் இணையக் கோரிக்கையும் தொங்குமே?

தொங்கும். அங்கே புட்டுக்குப் பதில், குறித்த நேரம்வரை மட்டும் காத்திருந்து போட முயலும் ஆஃபரை அழையுங்கள். போட முடியவில்லை என்று பொய் (false) திரும்பினால், பிறகு முயலுமாறு பயனருக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முடிந்தது என்று சொல்ல வரிசையில் நல் (null, எதுவுமில்லை என்ற மதிப்பு) போட்டேன், எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்தது.

காத்திருக்காமல் பொருள் எடுக்கும் போல் (poll), வரிசை காலி என்பதை நல் தந்துதான் தெரிவிக்கிறது. ஆகவே நல்லை உள்ளே விடமாட்டார்கள். முடிவுக்கென ஒரு தனிப் பொருளை வைத்து, எடுக்கும் த்ரெட்கள் எத்தனையோ அத்தனை முறை போடுங்கள். மூன்று பேருக்கு ஒன்று மட்டும் போட்டால் இருவர் டேக்கிலேயே உறைந்திருப்பார்கள். போடுபவர்கள் பலர் என்றால், எல்லோரும் முடித்த பிறகே போடுங்கள்.

கேள்வி: காத்திருக்கும் த்ரெட்டை நிறுத்தச் சொன்னால் வரும் இன்டரப்டட் எக்செப்ஷனை, எதுவும் செய்யாத காலி கேட்சில் விழுங்கலாமா?

கூடவே கூடாது. மேலே எறியுங்கள். வழியில்லை என்றால் கரன்ட் த்ரெட்டின் இன்டரப்டை மீண்டும் அழைத்துவிட்டுச் சுழற்சியை விட்டு வெளியேறுங்கள்.