மீன்பிடிப் படகும் அமைதிக்கான பரிசும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாம்பன் தீவில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் உயிர் தப்பியவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடாங்க்யோவுக்கு 2024ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் பத்தாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவன் எழுந்து, "இந்தப் பரிசால ஒரு குண்டாவது குறைஞ்சதா சார்?" என்று கேட்டான். எல்லை தாண்டியதாகக் கைதாகி இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் அவனுடைய அண்ணன். அவனுக்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை. எங்கள் பிள்ளைகள் பேக்கரும்பில் கலாம் ஐயா நினைவிடத்துக்குப் போய் அக்னி ஏவுகணையின் மாதிரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவர்களிடம் ஆயுத ஒழிப்புப் பேசினால் அது அவருக்கு எதிரான பேச்சாகத் தோன்றாதா? தங்கள் நாடுகளில் ஆயுதம் செய்து விற்பவர்கள் ஐரோப்பாவில் உட்கார்ந்து கொடுக்கும் இந்தப் பரிசுகளுக்கும் எங்கள் கடற்கரைக்கும் என்னதான் தொடர்பு?

க., பாம்பன்

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் மாணவனின் கேள்விக்கு நேரான பதில் உண்டு. 1980களின் நடுவில் உலகில் ஏறத்தாழ 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. இன்று இருப்பவை சுமார் 12,000. அந்தக் குறைவை எந்தப் பரிசும் கொண்டுவரவில்லை. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1987இலும் 1991இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்களும், பின்னர் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனதும்தான் அதற்குக் காரணங்கள். ஆனால் அந்த ஒப்பந்தங்களுக்கு முன்பாக, அணுப்போர் மூண்டால் மருத்துவத்தால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று இரு நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; அவர்களுடைய சர்வதேச அமைப்புக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே அந்த மாணவனிடம், பரிசு குண்டைக் குறைப்பதில்லை, குண்டைக் குறைக்கச் சொல்லி அரசுகளை நெருக்குபவர்களின் குரல் கேட்கும் தூரத்தை அது நீட்டுகிறது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதும் சரியன்று, அதற்குக் கீழாக அதை மதிப்பதும் சரியன்று என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் கடல் தொழில் செய்யும் வீடுகளிலிருந்து வருகிறவர்களாக இருப்பார்கள் என்பதால், பரிசு பெற்றவர்களின் பட்டியலை ஒதுக்கிவிட்டு ஒரு படகிலிருந்து பாடத்தைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானின் யாய்ஸு துறைமுகத்திலிருந்து சூரை மீன் பிடிக்கப் போன அந்தப் படகின் பெயர் 'ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்' என்று பொருள்படும். அதில் 23 பேர் இருந்தார்கள். 1954 மார்ச் 1ஆம் தேதி விடியலுக்கு முன், மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அபாயப் பகுதி என்று அமெரிக்கா அறிவித்திருந்த எல்லைக்கு வெளியேதான் படகு நின்றது. மேற்கே வானம் வெளுத்ததை அவர்கள் கண்டார்கள், பிறகு ஓசையைக் கேட்டார்கள், சில மணி நேரம் கழித்துப் படகின் தளத்தில் வெண்சாம்பல் விழத் தொடங்கியது. அது வெடிப்பில் பொடியான பவளப்பாறை. அது என்னவென்று அறியாமல், விட்டிருந்த ஆயிரங்கால் தூண்டிலை மணிக்கணக்கில் இழுத்து முடித்த பிறகே அவர்கள் ஊர் திரும்பினார்கள். யாரும் எல்லை தாண்டவில்லை, யாரும் எந்த விதியையும் மீறவில்லை. கரை சேர்வதற்குள் தோல் கருத்து, முடி உதிரத் தொடங்கியிருந்தது. படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார்.

அந்த ஆண்டு ஜப்பானியச் சந்தைகளில் கதிர்வீச்சு ஏறிய மீன்கள் கண்டறியப்பட்டு, டன் கணக்கில் புதைக்கப்பட்டன. மீன் வாங்க மக்கள் அஞ்சினார்கள். டோக்கியோவின் சுகினாமி பகுதியில் இல்லத்தரசிகளும் மீன் வியாபாரிகளும் முன்னின்று தொடங்கிய கையெழுத்து இயக்கம் அடுத்த ஆண்டுக்குள் 3 கோடிக் கையெழுத்துகளைத் தாண்டியது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பிழைத்தவர்கள் அதுவரை பெரும்பாலும் வாய் திறக்காமல் வாழ்ந்தவர்கள். 1952 வரை ஜப்பானை ஆண்ட ஆக்கிரமிப்பு நிர்வாகம் குண்டின் விளைவுகளைப் பற்றி எழுத விடவில்லை; தங்கள் நிலை தெரிந்தால் பிள்ளைகளுக்குத் திருமணம் நடக்காது, வேலை கிடைக்காது என்ற அச்சமும் இருந்தது. மீன்பிடிப் படகுக்கு நேர்ந்ததைக் கண்டு நாடே எழுந்து நின்றபோதுதான் அவர்களுக்கும் பேசும் துணிவு வந்தது. 1955இல் ஹிரோஷிமாவில் முதல் உலக மாநாடு நடந்தது. 1956 ஆகஸ்ட் மாதம் நாகசாகியில் நிஹோன் ஹிடாங்க்யோ பிறந்தது. பிழைத்தவர்களின் மருத்துவத்துக்கென்று ஜப்பான் அரசு சட்டம் இயற்றியது 1957இல். நீங்கள் வகுப்பில் வாசித்த 2024ஆம் ஆண்டின் பரிசு அந்த அமைப்புக்குத்தான் வந்தது.

அதே வெடிப்பை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தவர் டோனி டிப்ரம். அப்போது அவருக்கு 9 வயது. மார்ஷல் தீவுகளின் லிகியெப் என்ற தீவில் தன் தாத்தாவோடு கடலில் வலை வீசிக்கொண்டிருந்தார். பின்னாளில் அந்தச் சின்னஞ்சிறு நாட்டின் வெளியுறவு அமைச்சராகி, அணு ஆயுதம் வைத்திருக்கும் 9 நாடுகள் மீதும் 2014இல் சர்வதேச நீதிமன்றத்தை நாடச் செய்தார். வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2015இல், அவருக்கும் மார்ஷல் தீவு மக்களுக்கும் 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது அளிக்கப்பட்டது. விசாரணை வரை வந்தவை இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகள் மீதான வழக்குகளே. தனக்கு அதிகாரவரம்பு இல்லை என்று 2016 அக்டோபரில் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. பிரிட்டன் மீதான வழக்கில் நீதிபதிகள் 8க்கு 8 எனப் பிரிந்து, தலைவரின் வாக்கால்தான் தீர்ப்பு முடிவாயிற்று. வழக்கு தோற்றது என்றாலும், உலகின் மிகப் பலம் வாய்ந்த நாடுகளைக் கூண்டில் ஏற்ற ஒரு மீன்பிடித் தீவுக்கூட்டத்தால் முடிந்தது. இதை உங்கள் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆயுதம் செய்யும் நாடுகள் பரிசு கொடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான். நம் ஊர்த் தேர்தல் மேடைகளில் ஒரு காலத்தில் எங்கும் ஒலித்த போஃபர்ஸ் பீரங்கி நிறுவனத்தை வாழ்நாளின் இறுதியில் வாங்கி நடத்தியவர் ஆல்ஃபிரட் நோபல். பரிசுக் குழுவை நியமிக்கும் நார்வே நாடாளுமன்றம் இருப்பது நேட்டோ ராணுவக் கூட்டணி நாடு ஒன்றில். ஆனால் இதையும் கவனியுங்கள்: அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்காக உழைத்த 'ஐகேன்' கூட்டமைப்புக்கு 2017இல் அதே குழு பரிசளித்தது. 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றிய அந்த ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தைக்கே நார்வே போகவில்லை. பரிசளிப்பு விழாவுக்கு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவை தங்கள் தூதர்களை அனுப்பாமல் கீழ்நிலை அதிகாரிகளை அனுப்பின. பரிசு தங்களைச் சுட்டது என்பதை அந்த அரசுகளே இதைவிடத் தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

எனக்கு உண்மையான மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்சியில் இருப்பவர்களுக்கு அமைதிப் பரிசு கொடுக்கவே கூடாது. 1973இல் வியட்நாம் போர்நிறுத்தத்துக்காக அமெரிக்காவின் ஹென்றி கிஸிஞ்சருக்கும் வட வியட்நாமின் லெ டக் தோவுக்கும் பரிசு அறிவிக்கப்பட்டது. தன் நாட்டில் இன்னும் அமைதி வரவில்லை என்று லெ டக் தோ அதை மறுத்தார். 2019இல் பரிசு பெற்ற எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதின் ஆட்சியில் அடுத்த ஆண்டே அந்நாட்டின் டிக்ரே பகுதியில் போர் வெடித்தது. படை வைத்திருப்பவர் கையில் அந்தப் பதக்கம் அவரைக் காக்கும் கவசமாகிவிடுகிறது. சிறையில் இருப்பவருக்குப் போகும்போதுதான் அது தன் வேலையைச் செய்கிறது. ஈரானின் நர்கஸ் மொஹம்மதி சிறையில் இருந்ததால் 2023இல் அவருடைய இரட்டைப் பிள்ளைகள் ஓஸ்லோவில் அதைப் பெற்றுக்கொண்டார்கள். சீனாவின் லியூ சியாவ்போவைப் பரிசால் விடுவிக்க முடியவில்லை. 2017இல் காவலில் இருந்தபடியே இறந்தார். ஆனால் அவர் பெயரை அழிக்க அவருடைய அரசாலும் முடியவில்லை.

இனி கலாம் ஐயாவைப் பற்றிய உங்கள் தயக்கம். அது நியாயமான தயக்கம். அந்தப் பிள்ளைகளின் மனத்தில் அவருக்கு இருக்கும் இடத்தைத் தொட வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. ராமேசுவரத்துச் சிறுவன் ஒருவன் படித்து அந்த உயரத்துக்குப் போனதன் பெருமை பெருமையாகவே இருக்கட்டும். ஆயுத ஒழிப்பைப் பேசுவது நாட்டுக்கு எதிராகப் பேசுவது என்ற எண்ணத்தை மட்டும் விலக்கிவிடுங்கள். அதற்கு நம் வரலாறே போதும். 1962இல், 83 வயதில், அணுச் சோதனைகளை நிறுத்தும்படி அமெரிக்க அதிபர் கென்னடியிடம் கேட்பதற்காக வாஷிங்டன் வரை பயணம் செய்தவர் நம் ராஜாஜி. அடுத்த ஆண்டு வளிமண்டலச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த 1963 அக்டோபர் 10ஆம் தேதியன்றே, சோதனைகளுக்கு எதிராக ஆயிரக்கணக்கான அறிவியலாளர்களின் கையெழுத்தைத் திரட்டிய லைனஸ் பாலிங்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 1988இல் ஐ.நா. அவையில், 2010க்குள் உலகின் எல்லா அணு ஆயுதங்களையும் கட்டம் கட்டமாக ஒழிக்கும் திட்டத்தை முன்வைத்தவர் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தி. அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜோசப் ராட்பிளாட்டையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் குண்டுத் திட்டத்தில் சேர்ந்து, ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்பது தெரிந்ததும் 1944இலேயே அதை விட்டு வெளியேறிய இயற்பியலாளர் அவர். பிகினி வெடிப்பு எத்தகையது என்பதைக் கணக்கிட்டு அறிந்தவர்களிலும் ஒருவர். அவருக்கும் அணு ஆயுத ஒழிப்புக்காக அறிவியலாளர்கள் கூடும், அவர் வளர்த்த பக்வாஷ் மாநாடுகளுக்கும் 1995இல் பரிசு கிடைத்தது.

உங்கள் கடற்கரைக்கு வருகிறேன். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து மன்னாருக்கோ கிளிநொச்சிக்கோ திரும்ப நினைத்த ஒரு குடும்பத்தைக் கேளுங்கள். நிலம் இருக்கிறதா என்பதோடு, நிலத்தில் கண்ணிவெடி எடுத்து முடிந்ததா என்பதும் அவர்களுடைய கேள்வியாக இருந்திருக்கும். கண்ணிவெடித் தடை இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் 1997 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் ஒட்டாவாவில் அரசுகள் கையெழுத்திட இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. தயங்கிக்கொண்டிருந்த அரசுகளுக்கு அது நெருக்கடி கொடுத்தது. இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2017இன் இறுதியில்தான். இந்தியா இன்னும் சேரவில்லை. இதுவும் வகுப்பில் பேச வேண்டிய செய்தியே.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறும். கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தருவதில் மனைவி கிருஷ்ணம்மாளோடு வாழ்நாளைச் செலவிட்ட அவர், முதிய வயதில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். உப்பேறிய கிணறும் பாழான வயலும் எப்படியிருக்கும் என்பதை உங்கள் பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டப்பட்ட பண்ணைகளை அகற்றும்படி 1996 டிசம்பர் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பின்னர் 2005இல் இயற்றப்பட்ட சட்டம் அந்தத் தீர்ப்பின் பலனைப் பெரிதும் கரைத்துவிட்டது. கணவன் மனைவி இருவருக்கும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது வந்தது அதற்குப் பிறகு, 2008இல். மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுக்கும் பெண்கள், தேசியப் பூங்கா விதிகளின் பேரால் தொழில் உரிமை மறுக்கப்பட்டபோது, மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அவர்களில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவில், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான 'சீகாலஜி' விருது வழங்கப்பட்டது. சின்னப்பாலம் உங்கள் பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள்.

அந்த மாணவனுடைய அண்ணனின் துயரத்துக்கு இந்த விருதுகள் எதுவும் இதுவரை பதில் சொல்லவில்லை. பாக் நீரிணையின் இரு கரை மீனவர்களும், நம் விசைப்படகுகளின் இழுவைமடியால் வலை அறுபடும் யாழ்ப்பாணத்தவர்களும் சிறைப்பட்டுப் படகை இழக்கும் ராமேசுவரத்தவர்களும், நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய முயற்சிகள் பல முறை நடந்து, பல முறை முறிந்திருக்கின்றன. பரிசு பெறத் தகுந்த அமைதிப் பணி அங்கேதான் கிடக்கிறது. அதைச் செய்துகொண்டிருப்பவர்களின் பெயர் எந்தக் குழுவின் மேசைக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. பரிசைக் குறித்து நான் கவலைப்படுவதைவிட, அந்தப் பேச்சு திரும்பத் தொடங்க வேண்டும் என்றே அதிகம் விரும்புகிறேன்.

மார்ச் 1ஆம் தேதியையொட்டி ஒரு வகுப்பில் அந்த ஜப்பானியப் படகின் கதையை நடத்த முடியுமானால் நடத்துங்கள். அதன்பின் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை, குறிப்பாக உங்களால் பதில் சொல்ல முடியாதவற்றை, எனக்கு எழுதி அனுப்புங்கள். அவற்றுக்கு இதே பகுதியில் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.