பின்விரல்கள் மட்டும் ஏன் தேய்கின்றன?

வீட்டில் கட்டிய ஹோவர்கிராஃப்ட் (அடியில் காற்று மெத்தை அமைத்து நீரிலும் நிலத்திலும் மிதந்து ஓடும் வாகனம்) பற்றி வந்த கேள்விகளில் பராமரிப்புச் சம்பந்தமானவற்றை இம்முறை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஒருவர் அமரும் ஹோவர்கிராஃப்டை நீர்கொழும்புக் களப்பில் ஓட்டுகிறேன். ஸ்கேர்ட்டின், அதாவது காற்றை அடைக்க அடியைச் சுற்றித் தொங்கும் துணிப் பாவாடையின், பின்பக்க விரல்களின் (அதன் தனித்தனித் துணித் துண்டுகளின்) நுனி தேய்ந்து நார்நாராகிறது. முன்பக்கமோ புதிது போலவே இருக்கிறது. லொறித் தறப்பாள் துணியில் தைத்தது. சப்பாத்துப் பசையால் ஒட்டுப் போட்டால் அடுத்த ஓட்டத்திலேயே கழன்றுவிடுகிறது. துணிதான் மட்டமா?
வாசகர், வத்தளை

பதில்: துணியைக் குறை சொல்லுமுன் பாரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எஞ்சினும் விசிறியும் பின்னால் இருப்பதால் பின்பக்கம் தாழ்வது வழக்கம். சமமான சீமெந்துத் தரையில், ஓட்டுநரும் அமர்ந்திருக்க, வாகனத்தை மிதக்க விடுங்கள். இன்னொருவர் விசிறியிலிருந்து தள்ளி நின்று, நான்கு மூலையிலும் தரைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள உயரத்தைக் கம்பால் அளக்கட்டும். மூக்கு ஓரிரு சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பது பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பற்றரியை முன்னே நகர்த்துங்கள். பெற்றோல் தாங்கியைப் பாரத்தின் மையத்தில் வையுங்கள். எண்ணெய் குறையக் குறையச் சமநிலை மாறாது.

இரண்டாவது காரணம் விரலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு விரலும் உள்பக்கம் திறந்தது. பின்விரல்களின் திறந்த வாய் ஓடும் திசையை நோக்கியே இருப்பதால், அவை நீரையும் மணலையும் அகப்பைபோல் அள்ளும். அள்ளிய பாரத்தோடு நிலத்தில் இழுபடும் நுனி தேயாமல் என்ன செய்யும்? அந்த வாயின் கீழ்ப்பகுதியை மறைத்து ஒரு துணி மடலைத் தைத்துவிட்டால் அள்ளுவது பெரும்பாலும் நிற்கும். களப்பின் ஓரத்துச் சிப்பித் திட்டுகளில் மெதுவாக ஏறுவதையும் தவிருங்கள்.

ஒட்டு கழன்றதற்குப் பசைதான் காரணம். தறப்பாளின் பூச்சு பிவிசி. அதிலுள்ள மென்மையூட்டி எண்ணெய் மெல்ல வெளிவந்து சப்பாத்துப் பசையை இளக்கிவிடும். காற்றடைத்த பிவிசி படகுகளுக்கு விற்கும் இருபகுதிப் பொலியூரத்தேன் பசையை வாங்குங்கள். இரு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, அசற்றோன் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய முதற்பூச்சைக் காயவிடுங்கள். இரண்டாம் பூச்சு விரலில் லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்ததும் அழுத்தி ஒட்டி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விடுங்கள். மழை நாளிலோ இரவிலோ செய்ய வேண்டாம். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து கொழும்புக் காற்றின் ஈரம் அதில் படிந்துவிடும். பிறகு என்ன பசை போட்டாலும் பிடிக்காது. ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டி உள்பக்கம் ஒட்டினால், காற்றழுத்தமே அதை அழுத்திப் பிடிக்கும்.

தறப்பாள் மலிவுதான், ஆனால் விறைப்பு அதிகம். காற்று வெளியேறும் விளிம்பு ஓயாமல் படபடக்க, வெட்டிய ஓரத்தால் நீர் நூலுக்குள் ஊறிப் பூச்சு உரிகிறது. அடுத்த முறை நியோபிரீன் அல்லது பொலியூரத்தேன் பூசிய நைலோனுக்கு மாறுவது நல்லது. பின்விரல்களை மட்டும் மாற்றினாலும் போதும்.

விரலின் கீழ்முனையைப் போல்ட்டால் இறுக்கியிருந்தால் கழற்றிவிட்டுக் கேபிள் டையால் கட்டுங்கள். வேரில் சிக்கினால் டை அறும், துணி தப்பும். கறுப்பு டையே வேண்டும். வெள்ளை நம் வெயிலில் சீக்கிரம் முறிந்துபோகும். ஓடும்போது ஒரு விரல் கழன்றாலும் பக்கத்து விரல்கள் விரிந்து இடைவெளியை நிரப்பும். மெதுவாகக் கரை சேரலாம்.

கேள்வி: விசிறி இலைகளின் முன்விளிம்பு உப்புத்தாள்போல் சொரசொரத்துவிட்டது. இப்போது அதிர்வும் இருக்கிறது. விளிம்பை அரத்தால் தீட்டலாமா?
வாசகி, தெஹிவளை

பதில்: 900 மில்லிமீற்றர் விசிறி நிமிடத்துக்கு 2,800 முறை சுற்றினால் இலையின் நுனி மணிக்கு ஏறக்குறைய 475 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் நீர்த்துளியே உளியாகிவிடும். மேலோட்டமான சொரசொரப்பை மெல்லிய உப்புத்தாளால் நீக்கி, முன்விளிம்பில் பொலியூரத்தேன் காப்பு நாடா ஒட்டலாம். எல்லா இலைகளுக்கும் ஒரே நீளத்தில் ஒட்டவேண்டும். அரம் வேண்டாம்.

பிளக் வயரைக் கழற்றாமல் விசிறிக்குள் கை வைக்காதீர்கள். பிறகு இலைகளைக் கழற்றி, 1 கிராம் காட்டும் சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுங்கள். நைலோன் இலை ஈரம் உறிஞ்சும்; எனவே புதிதாக வாங்கிய ஒன்றையும் பழையவற்றையும் கலந்து போட்டால் நிறை ஒத்துப்போகாது. எதிரெதிர் இலைகளைச் சோடியாக மாற்றுங்கள். இலையின் அடியில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் வீசிவிடுங்கள், ஒட்டிப் பார்க்கும் பொருள் அல்ல அது. நைலோன் வளையமுள்ள பூட்டு நட்டுகளை மீண்டும் பாவிக்கவும் வேண்டாம்.

கேள்வி: உப்புநீரில் ஓடியபின் பிரஷர் வோஷரால் கழுவலாமா?
வாசகர், முகத்துவாரம்

பதில்: உடலைக் கழுவலாம், பெயாரிங்கை வேண்டாம். அழுத்த நீர் சீலைத் தாண்டி உப்பை உள்ளே தள்ளிவிடும். பெயாரிங் பக்கம் சாதாரணக் குழாய் நீர் போதும். பிறகு பழைய கிரீஸ் விளிம்பில் வெளிவரும்வரை புதியதை மெதுவாகப் பம்ப் செய்யுங்கள். அலுமினியத்தில் துருவேறா உருக்குப் போல்ட் இருக்கும் இடமெல்லாம் அலுமினியம் அரிபடும். கழற்றிக் கடல் கிரீஸ் பூசுங்கள்.

கேள்வி: போல்கொடை ஏரியில் முன்பு இலகுவாக எழும்பி ஓடியது. இப்போது தான் எழுப்பும் அலையைத் தாண்டி வேகமெடுக்க மறுக்கிறது. எஞ்சின் பழுதில்லை.
வாசகர், பாணந்துறை

பதில்: எஞ்சின் நலமென்றால் நீர் குடித்த உடலைச் சந்தேகியுங்கள். தெளிவான ரியூப்பை யூ வடிவில் வளைத்து நீர் ஊற்றி, ஒரு முனையை ஸ்கேர்ட்டுக்குள் விட்டு வாகனத்தை மிதக்க வையுங்கள். ரியூப்பின் இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் மெத்தையின் காற்றழுத்தத்தைக் காட்டும்; வாகனத்தின் நிறை கூடினால் அதுவும் கூடும். மொத்த நிறை 300 கிலோ, காற்று மெத்தையின் பரப்பு 4.5 சதுரமீற்றர் என்றால் இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 67 மில்லிமீற்றர் அளவில் வரும். 71 காட்டினால் 20 கிலோ கூடியிருக்கிறது.

அடித்தட்டைத் தட்டிப் பார்த்து மந்தமாக ஒலிக்கும் இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை போட்டு, பின்பக்கம் தாழ நிறுத்தி வடியவிடுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலமென்றால் கூரையின் கீழ் மின்விசிறி வைத்தாலும் வாரக்கணக்காகும். உள்ளே இருப்பது பொலிஸ்ரைரீன் நுரையென்றால் எப்பொக்சியால் மட்டும் அடையுங்கள். பொலிஎஸ்ரர் ரெசின் அந்த நுரையைக் கரைத்துவிடும். பெற்றோலும் அப்படியே, ஆகவே எண்ணெய்க் குழாயின் கிளிப்புகளையும் அன்றே பார்த்துவிடுங்கள்.