சிஸ்டம் குறைவு காட்டுகிறது, ஸ்ரோர் கீப்பர் வாய் திறக்கிறாரில்லை

கேள்வி: கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் முகாமையாளராக இருக்கிறேன். வயது 33. மொத்தம் 19 பேர் வேலை செய்கிறார்கள், முதலாளி ரொறன்ரோவில் இருக்கிறார். போன வருடக் கடைசியில் ஒரு சிஸ்டம் வாங்கிப் போட்டார். கொள்வனவு, இருப்பு, விற்பனை எல்லாம் டெப்பில் (கையில் பிடிக்கும் தொடுதிரைக் கணனியில்) பதிய வேண்டும், வரவுக்கு விரல் வைக்க வேண்டும், கமராக்களும் பூட்டியாயிற்று. மாசி அறுவடையில் 20,000 கிலோ நெல் வாங்கினோம். வாங்கும்போது ஈரம் 17 வீதம், காயவிட்ட பிறகு 14 வீதம். சிஸ்டம் 740 கிலோ குறைவு என்று காட்டியது. முதலாளி ஆலையின் வட்ஸ்அப் குரூப்பிலேயே "இது எங்கே போனது?" என்று கேட்டுவிட்டார். ஆலை திறந்த 2011இலிருந்து களஞ்சியத்தைப் பார்க்கும் ஸ்ரோர் கீப்பர் அண்ணைக்கு 56 வயது. அன்றிலிருந்து அவர் தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறார், டெப்பைத் தொடுவதில்லை, தன் சீ.ஆர். கொப்பியில்தான் எழுதுகிறார். முதலாளி கொப்பியை நிறுத்தச் சொல்கிறார். டெப்பில் கெட்டிக்காரரான இரண்டு பெடியன்கள் எப்போது வெளிநாடு போவார்களோ தெரியாது. அடுத்து, அரிசியில் கறுப்பையும் கல்லையும் தானாகப் பிரிக்கும் கலர் சோட்டர் இயந்திரம் வருகிறது என்ற கதை அரிசி பொறுக்கும் பெண்களின் காதிலும் விழுந்துவிட்டது. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: முதலில் அந்த 740 கிலோவை முடித்துவிடுவோம். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

20,000 கிலோ நெல்லில் 17 வீதம் ஈரம் என்றால் தண்ணீர் 3,400 கிலோ, மிச்சம் 16,600 கிலோ. காயவிடும்போது போவது தண்ணீர் மட்டும்தான், அந்த 16,600 அப்படியே இருக்கும். ஈரம் 14க்கு இறங்கிய நெல்லில் அது 86 வீதம். 16,600ஐ 0.86ஆல் வகுத்தால் 19,302 கிலோ வரும். ஆக, 698 கிலோ வெயிலோடு போய்விட்டது. பலர் 17இலிருந்து 14ஐக் கழித்து, 3 வீதம், 600 கிலோ என்று போடுவார்கள். அப்படிப் போட்டால் இன்னும் 98 கிலோவுக்கு யாரோ ஒருவர் வீணாகக் கள்ளனாவார். மீதி 42 கிலோ தூசி, பதர், காயவிடும் தளத்தில் சிந்தியது, குருவி கொத்தியது. 20 தொன் நெல்லுக்கு அது பேசும் தொகையே இல்லை.

உங்கள் சிஸ்டம் நெல்லைச் சீமெந்துப் பைபோல எண்ணுகிறது. உள்ளே வந்த நிறை வெளியே வரவேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு நெல்மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தே காய்ந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் உங்கள் களஞ்சியத்தில் இருக்கிறார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு "ஏன் அண்ணை குறையுது?" என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். அவரிடம் கேட்கவில்லை, ஊருக்கு முன்னால் கேட்டார்கள்.

இனி உங்கள் கேள்வி. பக்கம் பார்ப்பதை விடுங்கள். சிஸ்டம் ஒன்று சொல்லி, ஆள் வேறொன்று சொன்னால், சோதித்துப் பார்த்து முடியும்வரை பழி யாருடைய தலையில் இருக்கும்? உங்கள் ஆலையில் இதற்கு விடை எழுதப்படவில்லை, எழுதாததால் அது ஸ்ரோர் கீப்பரின் தலையில் விழுந்திருக்கிறது. இதைத் தீர்க்காமல் நீங்கள் எத்தனை பயிற்சி வகுப்பு வைத்தாலும் அவர் டெப்பைத் தொடமாட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் தொடமாட்டேன். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் ஒன்றை யார் தன் கையாலேயே நிரப்புவார்?

இது சின்ன ஆலையின் சின்னப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். பிரித்தானியாவின் தபால் கந்தோர்களில் 1999இலிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் போடப்பட்டது. உப தபாலதிபர்களின் கணக்கில் அது இல்லாத குறைவுகளைக் காட்டியது. "எனக்கு இப்படி வருகிறது" என்று முறையிட்ட பலருக்குக் கிடைத்த பதில், "வேறு ஒருவருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே" என்பதுதான். கைக்காசைப் போட்டு ஈடுசெய்தவர்கள் உண்டு, சிறை போனவர்களும் உண்டு. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழை இருந்ததை 2019இல் நீதிமன்றம் ஏற்றது, 2024இல் தனிச் சட்டமே போட்டுத்தான் அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை ரத்துச் செய்தார்கள். அங்கே படித்த அதிகாரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் கணனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், பிழை என்று சொன்னவரைச் சந்தேகப்பட்டார்கள்.

ஆகவே ஒரு விதியை எழுதி, முதலாளியின் சம்மதத்தோடு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். குறைவு காட்டினால் ஆளைக் கேட்பதற்கு முன் பதிவைப் பார்ப்பது, தராசைப் பார்ப்பது, ஈரத்தைப் பார்ப்பது. இந்த மூன்றும் சரி என்றால்தான் யாரிடமும் விளக்கம் கேட்பது, அதுவும் தனியறையில். யாராவது களவெடுத்தால் இந்த விதி அவருக்குப் பாதுகாப்பாகிவிடாதா என்று முதலாளி கேட்பார். இல்லை. மூன்றையும் பார்த்த பிறகு மிஞ்சும் குறைவுதான் உண்மையான குறைவு. அப்போது கேட்கும் கேள்விக்குக் கனம் இருக்கும்.

ஸ்ரோர் கீப்பரிடம் என்ன சொல்வது? சந்தியில் வைத்து ஏசியதற்கு வீட்டுக்குள் வைத்து மன்னிப்புக் கேட்டு வேலையில்லை. முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள்: "அண்ணை, அந்தக் கணக்கை நான் போட்டுப் பாத்தன். ஈரம் போனதுதான். குரூப்பிலை கேட்டது பிழை, அதிலையே போடப்போறன்." பிறகு கணக்கைக் குரூப்பில் போடுங்கள், விளக்கம் நீட்ட வேண்டாம். அடுத்த நாள் வேறு ஒரு கதையாக, "காயவிட்டால் எந்த ஈரத்துக்கு எவ்வளவு குறையும் எண்டு சிஸ்டத்திலை ஏத்த வேணும், நீங்கள் இருந்து சொல்லித் தாங்கோ" என்று கேளுங்கள். அவரைத் தாஜா பண்ணுவதற்கு நான் இதைச் சொல்லவில்லை. மென்பொருள் போட்டவர்களிடம் காயவிடும் கழிவுக்கு ஒரு கட்டம் வைக்கச் சொல்ல வேண்டும், அந்தக் கட்டத்துக்குள் போக வேண்டிய அறிவு அவரிடம்தான் இருக்கிறது. தளம் ஈரமான நாளில் எவ்வளவு, புழுங்கலுக்கு அவித்த நெல்லுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் பல வருடக் கணக்காகக் கிடக்கும். முதலாளி நிறுத்தச் சொல்லும் கொப்பி அது.

கொப்பியை உடனே நிறுத்த வேண்டாம், என்றைக்கும் வைத்திருக்கவும் வேண்டாம். இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். தினமும் வேலை முடிகிற நேரம் ஸ்ரோர் கீப்பரும் ஒரு பெடியனும் இருந்து இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். தொடர்ந்து இரண்டு மாத முடிவுகள் பொருந்தினால் கொப்பி நிற்கும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். முடிவுத் திகதி இல்லாத இரட்டை வேலை ஆட்களைக் களைக்க வைக்கும், களைத்தவர்கள் இரண்டிலும் பிழை விடுவார்கள்.

அவருக்கு 56 வயது, இனி எங்கே டெப் பழகுவது என்று உங்களுக்குள்ளும் ஓர் எண்ணம் இருக்கலாம். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது வன்னியில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய தலைமுறை அவருடையது. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டவர்கள், ஜாம் போத்தலில் விளக்குச் செய்தவர்கள். இவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்று சொன்னால் நான் சிரிப்பேன். வராதது வேறு: ஆங்கிலத் திரை, சின்ன எழுத்து, எல்லோரும் பார்க்கப் பிழை விடும் வெட்கம். எழுத்தைப் பெரிதாக்க அரை நிமிடம் போதும். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு ஆலையில் வழங்கும் சொற்களை ஒரு மட்டையில் எழுதி டெப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். வெட்கத்துக்கு மருந்து, ஆட்கள் இல்லாத நேரத்தில் பழகுவது. சொல்லிக்கொடுக்கும் பெடியனுக்கு ஒரே ஒரு கட்டளை போதும்: டெப் அண்ணையின் கையில்தான் இருக்கவேண்டும். "தாங்கோ அண்ணை, நான் செய்யுறன்" என்று பிடுங்கிச் செய்துகாட்டினால் பெடியன்தான் இன்னும் வேகமாவான், அண்ணை பழகமாட்டார்.

பெடியன்கள் போய்விடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் அதற்காக அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது தீர்வில்லை. எந்த வேலையும் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக்கூடாது, கடவுச்சொல் உட்பட. ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாள் தன் வேலையை மற்றவரிடம் விட்டுப் பார்க்கட்டும். எங்கே சிக்குகிறதோ அதை எழுதி வையுங்கள்.

முதலாளி கெட்டவர் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. காசைப் போட்டுவிட்டு தூரத்தில் இருக்கிறார், போனில் தெரியும் இலக்கமும் கமராவும்தான் அவருக்கு ஆலை. ரொறன்ரோவில் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் ஒரு கேள்வி போட்டால் கிளிநொச்சியில் இரவு பதினொன்றரை, குளிர்காலம் என்றால் நள்ளிரவு தாண்டிவிடும். அந்த நேரம் குரூப்பில் விழும் கேள்வியைப் படுக்கையில் வாசிக்கும் ஒருவர் விடியும்வரை நித்திரை கொள்ளமாட்டார். அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கணக்குக் கேள்வி உங்களுக்கு மட்டும் வரவேண்டும், குரூப்பில் இல்லை. அதற்குப் பதிலாக நீங்கள் தினமும் மாலையில் ஐந்தாறு வரி எழுதுங்கள். எவ்வளவு வாங்கியது, எவ்வளவு காய்ந்தது, என்ன குறைந்தது, ஏன் குறைந்தது. "ஏன்" என்ற வரி தினமும் போகத் தொடங்கினால் கமராவைப் பார்க்கும் நேரம் தானாகக் குறையும். கமரா எங்கே, எதற்கு, யார் பார்ப்பது என்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள். சாப்பிடும் இடத்தைப் பார்த்து ஒன்று இருந்தால் அதைத் திருப்பிவிடுங்கள்.

பிழைகள் அதிகமாக எழுதப்படுவதைப் பார்த்து முதலாளி பதறவும் கூடும். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் வரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில்தான் பதிவான பிழைகள் கூடுதலாக இருந்தன. அங்கே பயப்படாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் ஆலையிலும் அடுத்த இரண்டு மாதத்துக்குப் பிழைக் கணக்குக் கூடத்தான் வேண்டும். கூடாவிட்டால் கவலைப்படுங்கள்.

கரண்ட் போனால், சிக்னல் இல்லாவிட்டால் என்ன செய்வதென்று இன்றே முடிவெடுங்கள். தொடர் இலக்கம் அச்சடித்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் தராசடியில் இருக்கட்டும், மாலையில் ஏற்றலாம். உழவு இயந்திரத்தோடு வந்த விவசாயியைச் சிஸ்டத்துக்காகக் காக்க வைக்காதீர்கள்.

விரல் வைக்கும் இயந்திரத்தையும் ஒருக்கால் போய்ப் பாருங்கள். மூடை தூக்குபவர்கள், தளத்தில் நெல் கிண்டுபவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் பிடிக்காது. வேலைக்கு வந்தும் வரவு விழாமல் அரைநாள் சம்பளம் போனால் யாரும் உடனே வந்து முறையிடமாட்டார்கள், மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். இலக்கம் அழுத்தியோ கையொப்பமிட்டோ வரவு பதிய ஒரு மாற்று வழி வையுங்கள்.

கலர் சோட்டர் விஷயம்தான் எல்லாவற்றையும்விட அவசரம். கறுப்பையும் கல்லையும் பொறுக்கும் பெண்களின் வேலையை அது நேரடியாகத் தொடுகிறது. கதை வெளியே வந்த பிறகு நீங்கள் பேசாமல் இருப்பதை அவர்கள் "ஆம்" என்றுதான் எடுப்பார்கள். முதலாளியிடம் கேட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள், முடிவாகாததை "இன்னும் முடிவில்லை, இன்ன திகதிக்குள் சொல்வேன்" என்று சொல்லுங்கள். "ஒருவருக்கும் வேலை போகாது" என்று உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். பொதி செய்வது, தரம் பார்ப்பது, சோட்டரையே இயக்குவது என்று யாரை எதற்குப் பழக்கலாம் என்ற பட்டியல், இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் தயாராகட்டும்.

முதலாளிக்குச் சட்டமும் தெரிந்திருப்பது நல்லது. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்கக் குற்றம் இல்லாமல், "இயந்திரம் வந்துவிட்டது" என்று சொல்லி நிறுத்த முடியாது. அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. நீங்கள் 19 பேர். நாட்சம்பளம் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெண்கள் இதற்கு வெளியே போய்விடமாட்டார்கள். அவர்களுடைய வரவு இடாப்பை எடுத்து நாட்களை எண்ணி, தொழில் திணைக்களத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு, அந்தத் தாளோடு முதலாளியிடம் கதையுங்கள்.