மேலேயும் கீழேயும் ‘டி’ இருக்கே, வெட்டலாமா?

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தேன். கம்பஸ் முதலாம் வருடத்தில் பௌதிகவியலும் படிக்கவேண்டி வந்துவிட்டது. கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வு என்று தொடங்கினார்கள். இரண்டாவது வரியிலேயே வகையீடு. அதற்குப் பிறகு கொப்பியில் எழுதியது ஒன்றும் விளங்கவில்லை. கணிதப் புத்தகம் வாங்கி முதலிலிருந்து படிக்கவா, சேர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம், பிள்ளை. போனில் கல்குலேட்டர் இருக்கிறதுதானே, அது போதும்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில், உயிரியல் வகுப்பொன்றில் இதே தேய்வுச் சமன்பாட்டைப் பலகையில் எழுதினேன்: dN/dt = −λN. (N மிச்சமிருக்கும் அளவு, t நேரம், λ தேய்வு மாறிலி. இடது பக்கம்தான் வகையீடு, அதாவது N மாறும் வேகம்.) கடைசி வாங்கிலிருந்து ஒரு பெடியன், “சேர், மேலேயும் கீழேயும் டி இருக்கே, வெட்டலாமா?” என்றான். வகுப்பே சிரித்தது. நான் ஏசிப்போட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்த ‘டி’ என்னவென்று நான் சொல்லியே இருக்கவில்லை, பிழை என்னுடையது.

இப்போது சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளில் எலும்பு, தைரொயிட் ஸ்கேனுக்குக் கொடுக்கிற டெக்னீசியம்-99எம் என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளுக்கு அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கிற நேரம், ஏறத்தாழ 6 மணித்தியாலம். 0.693ஐ 6ஆல் பிரித்தால் தேய்வு மாறிலி: மணித்தியாலத்துக்கு 0.1155. அதாவது, இருப்பதில் 11.55 சதவீதம் என்ற வேகத்தில் குறைகிறது. (0.693 என்பது 2இன் இயற்கை மடக்கை.)

100இல் தொடங்குங்கள். மணித்தியாலத்துக்கொரு தடவை, கையில் உள்ளதில் 11.55 சதவீதத்தைக் கழியுங்கள். 88.45, பிறகு 78.23... ஆறாவது தடவை 47.9 வரும். வரவேண்டியது 50. மிச்சம் 2 எங்கே போனது?

முதல் மணித்தியாலம் முழுக்க 100 அப்படியே இருக்கிறது என்று நினைத்துக் கழித்தோம். ஆனால் அது முதல் நிமிடத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது. ஆகவே அளவுக்கு மிஞ்சிக் கழித்துவிட்டோம். அரை மணித்தியாலத்துக்கு 5.775 சதவீதமாக 12 தடவை கழித்துப் பாருங்கள்: 49.0. ஆறு நிமிடத்துக்கு 1.155 சதவீதமாக 60 தடவை: 49.8. நேரத்தை இன்னும் மெல்லிசாக வெட்ட வெட்ட 50ஐ நெருங்கும். அந்த மெல்லிய துண்டைத்தான் ‘டி’ என்று எழுதுகிறார்கள். அது பெருக்கும் எண் அல்ல, வெட்ட முடியாது.

இது பிடிபட்டால் பாதிப் பாடத்திட்டம் கைக்கு வரும். கொள்ளளவி (மின்னேற்றத்தைச் சேமிக்கிற கருவி) மின்னிறங்குவதும், பல மருந்துகள் இரத்தத்தில் குறைவதும் இதே சமன்பாடு. தேத்தண்ணி ஆறுவதும் ஏறத்தாழ அதுவே. அங்கே குறைவது சூடல்ல, அறையோடுள்ள சூட்டு வித்தியாசம். 80 பாகைத் தேத்தண்ணிக்கு 30 பாகை வெள்ளவத்தை அறையில் வித்தியாசம் 50, 15 பாகை நுவரெலியாவில் 65. அங்கே சுறுக்காக ஆறிப்போவது அதனால்தான்.

அடுத்து, குழாயில் திரவம் பாய்வதைச் சொல்கிற புவாசேயின் சமன்பாடு வரும், பயப்பட வேண்டாம். அவர் பிரெஞ்சுக்கார வைத்தியர். இரத்தம் ஓடுவதை விளங்கிக்கொள்ளத்தான் குழாய்களை ஆராய்ந்தார், ஆகவே உங்கள் பக்கத்து ஆள். ஆரையின் நான்காம் அடுக்கை மட்டும் பாருங்கள்: குழாயின் ஆரை 10 சதவீதம் சுருங்கினால், அதே அமுக்க வித்தியாசத்தில் பாய்ச்சல் 0.9இன் நான்காம் அடுக்கு, அதாவது 0.656. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது!

வகையீட்டு விதிகள் தேவைப்படும்போது, கணிதப் பிரிவில் படித்த அண்ணாவோ மச்சாளோ இருந்தால் அவர்களுடைய இணைந்த கணிதக் கொப்பியை இரவல் கேளுங்கள். அடுக்கு, சைன், கோசைன், அடுக்குக்குறிச் சார்பு, இவற்றின் வகையீடு இருக்கிற பக்கங்கள் மட்டும் போதும்.