பருவுக்கு ஒளிச் சிகிச்சை: பாதியில் நிற்கிறேன், தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. மாநிறம். ஏழு வருடமாகத் தாடையிலும் கன்னத்திலும் பரு. மாத்திரை, களிம்பு எல்லாம் அலுத்துப்போய் ஒரு கிளினிக்கில் எட்டு சிட்டிங் நீல ஒளிச் சிகிச்சைக்குப் பணம் கட்டினேன். களிம்பை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். முதல் இரண்டு சிட்டிங்கில் முகம் நன்றாகத் தெளிந்தது. ஐந்தாவதுக்குப் பிறகு மறுபடி பரு. கன்னம் முழுக்கக் கருமை வேறு. கேட்டால், “உள்ளே இருக்கும் நச்சு வெளியே வருகிறது, இன்னும் ஆறு சிட்டிங் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். என் தோழிக்கு இதே ஒளிச் சிகிச்சையில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் இப்படி, டாக்டர்? தொடரலாமா? 15 வயதுத் தம்பிக்கு வீட்டில் போட்டுக்கொள்ளும் எல்.இ.டி. மாஸ்க் வாங்கித் தரலாமா?

பதில்: தொடர வேண்டாம். புதிதாக ஆறு சிட்டிங் வாங்கும் பேச்சே வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டிய மூன்றையும் நிறுத்தி வையுங்கள். கட்டிய காசு வீணாகிறதே என்ற நினைப்புதான் உங்களை மறுபடி அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கும். அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் எட்டையும் சேர்த்து முதலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

முதல் இரண்டு சிட்டிங்கில் ஏன் தெளிந்தது என்று பார்ப்போம். பரு வரும் மயிர்க்காலுக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அது போர்ஃபிரின் என்ற பொருளைத் தானே தயாரித்து வைத்திருக்கும். சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும், அந்தப் பொருள் அக்கம்பக்கத்து ஆக்சிஜனை முரட்டு ஆக்சிஜனாக மாற்றி, பாக்டீரியாவையே கொல்கிறது. இது உண்மையான அறிவியல்தான், யாரும் கதை கட்டவில்லை. ஆனால் எண்ணெய்ச் சுரப்பி அப்படியே இருக்கிறது, அடைத்துக்கொண்ட மயிர்க்காலும் அப்படியே இருக்கிறது. எறும்பைத் துடைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்தே வைத்தால் என்ன ஆகும்? ஒளியை நிறுத்திய சில வாரங்களில் பாக்டீரியா பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். உங்கள் விஷயத்தில் களிம்பையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதாவது டப்பாவுக்கு இருந்த ஒரே மூடியையும் கழற்றிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பரு தானாக ஏறும், தானாக இறங்கும். மனிதர்கள் சிகிச்சைக்கு ஓடுவது முகம் மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான். அடுத்த வாரம் எதைச் செய்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும், கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். ‘முன்பு – பின்பு’ படங்களில் பாதி இந்த இறக்கம். மீதி பாதி, படம் எடுத்த அறையின் விளக்கு.

சரி, கருமைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். சீழ்ப்பரு ஆறினால் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் கறை விழும், அது எல்லாருக்கும் தெரியும். நீல ஒளியும் தன் பங்குக்குக் கருக்க வைக்கும் என்பதைப் பேக்கேஜ் விற்கும்போது யாரும் சொல்வதில்லை. 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பருவே இல்லாத ஆரோக்கியமான தோலில் 415 நானோமீட்டர் ஒளியையும், 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் தனித்தனியே காட்டிப் பார்த்தார்கள். சிவப்பு பட்ட இடம் கருக்கவில்லை. நீலம் பட்ட இடம் கருத்தது. அளவு கூடக் கூடக் கருமையும் கூடியது. மூன்று மாதம் வரை போகவில்லை. பருவைக் கொல்லத் தேர்ந்தெடுக்கும் அதே நீலம்தான் இது. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கன்னத்தில் பருவின் கறையும் ஒளியின் கருமையும் கலந்தே இருக்கும். ஆனால் கறுப்பு ஏறிக்கொண்டே போகும்போது அதே ஒளியை மேலும் ஆறு முறை காட்டுவது எந்த வைத்தியத்திலும் சேராது.

இனி அந்த ‘நச்சு’. எண்ணெய், இறந்த தோல் செல், பாக்டீரியா, வீக்கம், இவ்வளவுதான் பரு. வெளியேற வேண்டிய நச்சு என்று அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் அவர்கள் சொல்வதை முழுப் பொய் என்று நான் தள்ளிவிடவும் முடியாது, ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒளிச் சிகிச்சையில் மருந்து பூசிச் செய்யும் ஒரு வகை உண்டு. ஃபோட்டோடைனமிக் சிகிச்சை என்பார்கள், சுருக்கமாக பி.டி.டி. அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தையோ அதன் உறவுக்கார மருந்தையோ முகத்தில் பூசி, அது தோலுக்குள் இறங்கும்வரை காத்திருக்க வைத்து, அதன் பிறகே சிவப்பு ஒளியோ நீல ஒளியோ காட்டுவார்கள். இந்த மருந்து எண்ணெய்ச் சுரப்பிக்குள்ளும் போர்ஃபிரினைச் சேர்த்து வைக்கும். அதனால் அடி பாக்டீரியாவோடு நிற்காமல் சுரப்பிக்கும் விழும். வலிக்கும், வெறும் விளக்கொளி போல இராது. முகம் சிவந்து வீங்கும், சில நாள் தோல் உரியும். அப்போது சிலருக்குச் சீழ்ப்பரு போலவே கொத்தாகக் கிளம்பி, பிறகு அடங்கும். ஆக, சிகிச்சைக்குப் பிறகு பரு கூடுவது என்பது இந்த ஒரு வகையில் உண்மையாகவே நடக்கிறது. அதைத்தான் எல்லா விளக்குக்கும் பொதுவாக்கி, நச்சு என்று பெயர் சூட்டி விற்கிறார்கள்.

உங்களுக்குச் செய்தது பி.டி.டி.யா என்று கண்டுபிடிப்பது எளிது. பூசிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்களா? ஒளி பட்டபோது எரிச்சல் தாங்க முடியவில்லையா? அடுத்த இரண்டு நாள் வெயில் முகத்தில் படவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்களா? அந்த மருந்து போட்டவர்களுக்கு 48 மணி நேரம் வெயில் ஆகாது, அதைச் சொல்லாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள், அனுப்பக் கூடாது. மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் உங்களுக்கு நடந்தது பி.டி.டி. இல்லை, அந்த விதிவிலக்கும் உங்களுக்கு இல்லை. ‘ஆம்’ என்றாலும், பி.டி.டி.யில் கிளம்பும் பரு ஒளி பட்ட சில நாட்களில் வந்து போகும். முதல் இரண்டு முறை சும்மா இருந்துவிட்டு ஐந்தாவது முறைக்குப் பிறகு வந்து உட்கார்ந்துகொள்ளாது. வெறும் ஜெல்லைத் தடவிவிட்டு பி.டி.டி. என்று பெயர் வைக்கும் இடங்களும் உண்டு, பூசியதன் பெயரை எழுதிக் கேளுங்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பி.டி.டி.க்கு இடம் கொடுத்திருக்கிறது. யாருக்கு? 18 வயது நிறைந்தவர்களுக்கு, நடுத்தரமோ கடுமையோ ஆன பரு உள்ளவர்களுக்கு, அதுவும் மற்ற சிகிச்சை பலிக்கவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது தரவே முடியாது என்றால். வரிசையில் அதன் இடம் எங்கே என்று பாருங்கள்.

தோழிக்கு எப்படிச் சரியானது? அவருக்குப் போட்டது எந்த ஒளி என்று முதலில் கேளுங்கள். நீலம், சிவப்பு, பி.டி.டி., ஐ.பி.எல். (பல அலைநீளங்கள் கலந்த பலத்த ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சுவது), லேசர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு விஷயங்களுக்கு ‘ஒளிச் சிகிச்சை’ என்று ஒரே பெயர். 1726 நானோமீட்டர் லேசர் என்று ஒன்று 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது பாக்டீரியாவை விட்டுவிட்டு எண்ணெய்ச் சுரப்பியையே சூடாக்கிச் சுருக்குகிறது. பலன் மெல்ல மாதக்கணக்கில் தெரியும், நீடிக்கவும் செய்கிறது. தோலின் நிறமி அந்த அலைநீளத்தை அதிகம் உறிஞ்சாது என்பதால் கருநிறத் தோலுக்கும் ஆபத்து குறைவு. தோழிக்குக் கிடைத்தது அதுவாக இருக்கலாம். கூடவே அவர் மாத்திரையும் எடுத்திருக்கலாம், அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தே சொல்கிறேன். திருப்தியாக இருப்பவர்கள் பெரும்பாலும் சிறு சிவந்த பருக்கள் உள்ளவர்கள், களிம்பையும் விடாமல் போட்டவர்கள். அழுதுகொண்டு வருபவர்கள் கட்டிப் பரு உள்ளவர்கள், அல்லது ஐ.பி.எல். போட்டுக்கொண்ட கருநிறத்தவர்கள். ஐ.பி.எல். நிறமி எங்கே இருக்கிறதோ அங்கே பாயும், கருத்த தோலில் அது தீக்காயம். ஒரு பையன் தன் பருவுக்குப் பயன்படுத்திய கருவியைப் படம் எடுத்து வந்து காட்டினான். முடி நீக்கும் கருவி அது, முன்பக்கம் ஒரு வடிகட்டியை மாட்டியிருந்தார்கள்.

இப்படியெல்லாம் நடக்கக் காரணம், விற்பவரும் வைத்தியரும் வேறு வேறு ஆள். உங்களுடன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசியவர் ‘கவுன்சிலர்’ என்ற பெயரில் இருக்கும் விற்பனையாளர். இத்தனை பேக்கேஜ் முடித்தால் இவ்வளவு கமிஷன் என்பது பல இடங்களில் அவருடைய சம்பளத்தின் பகுதி. தோலைப் பார்த்து இது எந்த வகைப் பரு என்று சொல்ல வேண்டிய டாக்டர் இரண்டு நிமிடம் எட்டிப் பார்த்திருப்பார், அல்லது பார்த்தே இருக்க மாட்டார். ஆகவே எங்கே போனாலும் கருவியின் பெயரையும் அலைநீளத்தையும் காகிதத்தில் கேளுங்கள். காதருகில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். இந்த மூன்றாவதைச் சொன்னதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்டியில் ‘எஃப்.டி.ஏ.’ என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பெயரை அச்சிட்டிருப்பதைக் காட்டுவார்கள். ஒரு புதிய மாத்திரை சந்தைக்கு வர, அது வேலை செய்கிறது என்று பெரிய சோதனைகளில் நிரூபிக்க வேண்டும். இந்த விளக்குகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் வேறொரு விளக்கைப் போலவே இருக்கிறோம் என்று காட்டி உள்ளே வந்தவை. அந்தப் பழைய விளக்கும் அதற்கு முந்தைய ஒன்றைக் காட்டியிருக்கும். இது சட்டப்படி சரிதான், எனக்குத்தான் எரிச்சல் தீரவில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2016இல் 71 சோதனைகளை, மொத்தம் 4,211 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. தரமான ஆதாரம் போதாது என்பதுதான் கிடைத்த விடை. அதற்கும் விளம்பரத்துக்கும் உள்ள தூரத்தைக் கேட்க எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. என் தொழிலில் இருப்பவர்களையும் விட்டுவைக்கக் கூடாது. ‘களிம்பு பலிக்கவில்லை’ என்று வருபவர்களைக் கேட்டால், மூன்று வாரம் போட்டிருப்பார்கள். பலன் தெரியப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று சீட்டு எழுதியவர் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள், ஒளிச் சிகிச்சை பற்றி முதலில் பேச்செடுக்க வேண்டாம். 26 வயதில், தாடையில், விடாமல் வரும் பரு என்றால் ஹார்மோன் சமாச்சாரமாக இருக்க வாய்ப்புண்டு. மாதவிடாய் சரியாக வருகிறதா, தாடையில் முடி கூடியிருக்கிறதா என்று அவர் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஹார்மோன்தான் என்றால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது, எந்த விளக்கும் அங்கே எட்டாது. முன்பு போட்ட களிம்பு எது, எத்தனை வாரம் போட்டீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். அது அடாபலீனாக (மயிர்க்கால் அடைப்பை நீக்கும் களிம்பு) இருந்தால் இரவில் மறுபடி தொடங்கச் சொல்லக்கூடும். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கருமைக்கு இப்போதைக்கு மருந்து தேட வேண்டாம். சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் அதையும் தடுக்கும். அதைக் காலையில் தாராளமாகப் போடுங்கள். கறை மங்க மாதங்கள் ஆகும், ஆனால் மங்கும். சிவப்பழகு களிம்பு என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் கறையோடு புதுப் பருவும் சேரும்.

தம்பிக்கு மாஸ்க் வேண்டாம். 15 வயதில் முக்கால்வாசி கரும்புள்ளியும் அடைத்த சிறு குருணையுமாகத்தான் இருக்கும், நீல ஒளி அவற்றைக் கரைக்காது. வீட்டு மாஸ்க்கின் ஒளி கிளினிக் கருவியைவிட வலுக் குறைந்தது. வாரக்கணக்கில் தினமும் போட வேண்டும், அந்த வயதில் யார் போடுவார்கள்? கண் விஷயமும் இருக்கிறது. 2019இல் ஒரு பெரிய நிறுவனம் தன் ஒளி மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சில பரம்பரைக் கண் நோய் உள்ளவர்களுக்கும், கண்ணை ஒளிக்குக் கூச வைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண்ணில் தீங்கு நேரலாம் என்பதுதான் காரணம். பருவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையே உடம்பை ஒளிக்குக் கூச வைக்கும் மருந்துதான். அவனுக்குப் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் போதும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், தோல் பழகியதும் தினமும். துணியை வெளுத்துவிடும், அதனால் தலையணைக்கு வெள்ளை உறையாகப் போடச் சொல்லுங்கள்.