டியாண்ட்டின் அப்பா

அன்புள்ள ஆசிரியருக்கு,

கியூபாவில் பிறந்த பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், லூயிஸ் டியாண்ட் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலில் அவர் கணக்கில் 229 வெற்றிகள். 1968ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 1.60 ஓட்டம்தான் கொடுத்திருக்கிறார். 2024ல் இறக்கும்வரை, பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்கவில்லை. அநியாயம் இல்லையா? ஆனாலும் கியூபாவிலிருந்து தப்பி அமெரிக்கா போன அதிர்ஷ்டசாலிதானே? கிரிக்கெட் மட்டும் தெரிந்த நான் பேஸ்பாலை எங்கே தொடங்குவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அநியாயம்தான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அவர் தப்பி ஓடினார் என்று யார் சொன்னது? கோபமாக வருகிறது. 1961ல் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தார். சீசன் முடிந்ததும் புது மனைவியோடு ஊருக்குப் போக இருந்தவரை, வராதே, வந்தால் காஸ்ட்ரோ அரசு திரும்ப வெளியே விடாது என்று அப்பாவே கடிதம் எழுதி நிறுத்தினார். ஒரே பிள்ளை. அதை அதிர்ஷ்டம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த அப்பாவைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பெயரும் லூயிஸ் டியாண்ட்தான், இடதுகை பிட்சர். கறுப்பர் என்பதால் மேஜர் லீக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்கில் நியூயார்க் கியூபன்ஸ் அணிக்கு வீசினார். 1947ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் நிறத்தடையை உடைத்து மேஜர் லீக்கில் நுழைந்தபோது இவருக்கு நாற்பது வயதாகிவிட்டது. அந்த வருடமும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை! பிறகு ஹவானாவில் பெட்ரோல் பங்க்கில் வேலை. பேஸ்பால் வேண்டாம் என்று மகனைத் தடுத்தவரும் அவரே. எதைக் கண்டு பயந்தார் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு, தனக்குக் கிடைக்காதது மகனுக்குக் கிடைக்கட்டும் என்று அந்த மகனையே இழக்கச் சம்மதித்தார். 14 வருடம் முகம் பார்க்கவில்லை. நீங்கள் அடுக்கும் 229ல் பெரும்பகுதி, அப்பா பார்க்காத வெற்றிகள். மகன் தோளில் அடிபட்டு, 1971ல் மின்னசோட்டா அணி கழற்றிவிட்டபோதும் அப்பா பக்கத்தில் இல்லை. இதை எந்தப் புள்ளிவிவரப் பட்டியல் சொல்லும்?

1975ல் அமெரிக்க செனட்டர் மெக்கவர்ன் ஹவானா போய் காஸ்ட்ரோவிடம் பேசியபின் பெற்றோருக்கு அமெரிக்கா வர அனுமதி கிடைத்தது. ஆகஸ்டில், மகன் அப்போது ஆடிய பாஸ்டன் அணியின் ஃபென்வே மைதானத்தில் முதல் பந்தை வீச அப்பாவை அழைத்தார்கள். கோட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு வீசினார். திருப்தியில்லை. பந்தைத் திரும்பக் கேட்டு வாங்கி இன்னொரு முறை வீசினார். கிட்டத்தட்ட 69 வயது, அதுவும் சம்பிரதாயப் பந்து! அவர் பிட்சர், ஐயா. கடைசிவரை பிட்சர்.

மறு வருடம் டிசம்பரில், சில நாள் இடைவெளியில், அப்பாவும் அம்மாவும் இறந்துபோனார்கள். டியாண்ட் கியூபா மண்ணை மிதித்தது 2007ல்; 46 வருடம் கழித்து.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் இருக்கிறதே, 1975ல் அதன் நாலாவது ஆட்டம். சின்சினாட்டிக்கு எதிராக, முதுகை பேட்ஸ்மேனுக்குக் காட்டித் திரும்பும் அந்த விசித்திர ஆக்ஷனில் 163 பந்து வீசி, 5-4 என்று ஜெயித்தார். அந்தத் தொடரை அப்பா பார்த்தார். முதலில் அதைப் பாருங்கள், தம்பி. ஹால் ஆஃப் ஃபேம் பற்றிப் பிறகு எழுதலாம்.